பால்மா கரைக்கும் நேரம்

இரவு பத்து மணிக்கு மூன்று போத்தல் பால்மா கரைத்து, மூடி, மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் புதிதல்ல. பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, விடியப்புறம் ஒன்று. பிள்ளை பசியில் வீறிடும் நேரத்தில் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்து, அது ஆறும்வரை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்க எத்தனை தாய்மாருக்கு உடம்பில் வலு இருக்கும்? அதுவும் சத்திரசிகிச்சையில் பிள்ளை பெற்று இரண்டு கிழமைகூட ஆகாத உடம்பு என்றால்? இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் ஓர் இரவாவது கைக்குழந்தையோடு விழித்திருந்து பார்க்கட்டும்.

ஆனாலும் அந்த மூன்றாவது போத்தலைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். பத்து மணிக்குக் கரைத்த பால் ஐந்து மணிக்குப் பிள்ளையின் வாய்க்குப் போகும்போது ஏழு மணித்தியாலம் அறைச் சூட்டில் கிடந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தின் மண்கும்பானிலோ வேலணையிலோ சித்திரை, வைகாசி இரவுகளில் வீட்டுக்குள் சூடு 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். பகல் முழுக்க வெயில் குடித்த தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூட. கரைத்த பாலைக் கெடுப்பதற்கு இதைவிட வசதியான சூடு வேண்டியதில்லை.

பால்மா ரின்னை முதன்முதலாகத் திறக்கும்போது அதன் வாயில் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளைக் கிழிக்கிறோம். இவ்வளவு கவனமாக மூடியிருப்பதால் உள்ளே கிருமியே இருக்காது என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. சிசுக்களுக்கான பால்மா கிருமியே இல்லாத பொருளாகத் தயாரிக்கப்படுவதில்லை. இன்றுள்ள உற்பத்தி முறையில் தூளை அப்படி ஆக்குவதும் இயலாது. குரோனோபக்டர் என்ற பக்டீரியா உலர்ந்த மாவுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சால்மொனெல்லாவும் அப்படியே. ரின்னுக்குள் அவை பெருகுவதில்லை, உறங்குகின்றன. தண்ணீரும் இளஞ்சூடும் கிடைத்தவுடன் விழித்துக்கொள்கின்றன. குரோனோபக்டர் தொற்று அரிதானதுதான். ஆனால் தொற்றினால் இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுக்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், நிறை குறைந்து பிறந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். பிழைத்துவரும் பிள்ளைகள் சிலருக்கு மூளைப் பாதிப்பு ஆயுளுக்கும் நிற்கும்.

2022 பெப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அபொட் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்றில் தயாரான பால்மாக்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும், பிறகு அந்த நாடு முழுவதும் பால்மாத் தட்டுப்பாடு வந்து வெளிநாடுகளிலிருந்து விமானத்தில் இறக்க நேர்ந்ததும் இந்தக் கிருமியால்தான். தொழிற்சாலைக்குள் கிருமி காணப்பட்டது. நோயுற்ற பிள்ளைகளிடம் கண்ட கிருமியோடு அது பொருந்தவில்லை என்று பரிசோதனைகள் சொன்னதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனாலும் அத்தனை பெரிய கட்டுப்பாட்டு முறைகள் உள்ள ஒரு நாட்டிலேயே தொழிற்சாலை வாசலில் கிருமியை முற்றாகத் தடுத்துவிட முடியவில்லை. கடைசிக் காவல் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது.

உகந்த சூட்டில் இந்த வகைக் கிருமி ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று வையுங்கள். ஒன்று, ஆறு மணித்தியாலத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். பாலின் நிறம் மாறாது, மணம் மாறாது, திரையவும் திரையாது. தாய் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாலும் எதுவும் தெரியவராது.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் 2007இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இதற்குச் சொல்லும் தீர்வு எளிமையானது: பால்மாவை 70 பாகைக்குக் குறையாத சூடுள்ள தண்ணீரில் கரையுங்கள். தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்வதற்காக மட்டும் நாம் கொதிக்கவைக்கிறோம் என்று நினைக்கிறோம். இங்கே சூட்டுக்கு இன்னொரு வேலை உண்டு, மாவில் உள்ள கிருமியையும் அது கொல்லவேண்டும். நம்மிடையே உள்ள பழக்கமோ நேர்மாறானது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, கைக்கு இதமான சூட்டில் மாவைப் போட்டுக் குலுக்குகிறோம். அம்மம்மாக்கள் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், சில ரின்களின் லேபிளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கிருமி இல்லை, உண்மை. மாவில் இருப்பதோ அந்த இதமான சூட்டில் சாவதற்குப் பதில் பெருகத் தொடங்குகிறது. 70 பாகையில் சத்துக் கெட்டுப்போகாதா என்று கேட்பார்கள். விற்றமின் சி போன்றவை சிறிது குறையும். நல்ல பக்டீரியா சேர்த்த பால்மாவில் அவையும் இறக்கும். முதல் இரண்டு மாதப் பிள்ளைக்கு இந்த இழப்பு பெரிதல்ல, கிருமிதான் பெரிது என்பதே வழிகாட்டியின் நிலைப்பாடு. என் நிலைப்பாடும் அதுவே.

வெப்பமானி இல்லாத வீட்டில் 70 பாகையை எப்படி அறிவது? ஒரு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, அரை மணித்தியாலத்துக்குள் பாவித்தால் சூடு போதுமாக இருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்தால் அது விரைவில் ஆறிவிடும். முதலில் போத்தலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அதன்மேல் மாவைப் போடவேண்டும். அந்த ரின்னுக்குள் கிடக்கும் கரண்டியால், தட்டையாக வழித்து. ஒரு ரின்னின் கரண்டி இன்னொரு ரின்னுக்குப் பொருந்தாது. தண்ணீர் அளவும் ரின்னுக்கு ரின் மாறும். கரைத்த போத்தலை மூடியோடு குளிர்ந்த தண்ணீருள்ள சட்டியில், தண்ணீர் மூடியைத் தொடாதபடி நிறுத்திச் சுழற்றினால் சில நிமிடங்களில் இளஞ்சூட்டுக்கு வந்துவிடும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்காமல் கொடுக்கவே கூடாது. நாக்கு வெந்த பிள்ளை அடுத்த நேரமும் குடிக்காது. கரைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காத பாலும், பிள்ளை குடித்து மிச்சம் வைத்த பாலும் வீசவேண்டியவை. வாய் வைத்த போத்தலில் பிள்ளையின் எச்சில் கலந்திருக்கிறது, அதை எடுத்துவைத்து அடுத்த பசிக்குக் கொடுக்கக்கூடாது. பால்மா விற்கும் விலைக்கு இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். அதனால்தான் பிள்ளை குடிக்கக்கூடிய அளவுக்கே கரைக்கவேண்டும்.

முன்கூட்டிக் கரைத்து வைக்கலாமா என்ற கேள்விக்கும் அந்த வழிகாட்டியில் விடை இருக்கிறது. வைக்கலாம். அதே 70 பாகைக்குக் குறையாத நீரில் கரைத்து, உடனே குளிரவைத்து, 5 பாகைக்கு மேற்படாத குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பாவிக்கலாம். எடுத்துச் சூடாக்குவது 15 நிமிடத்துக்குள் முடியவேண்டும். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. மேலே இளஞ்சூடாகவும் நடுவில் கொதியாகவும் இருக்கும்.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரு வீட்டுக்கு இந்த விதி பொருந்தும். மண்கும்பானுக்கு எவ்வளவு பொருந்தும்? 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறில் முழு இலங்கையும் இருண்டது. இவை பத்திரிகையில் வந்த நாட்கள். காற்று பலமாக அடிக்கும் மாரி இரவுகளில் தீவகத்தில் கரண்ட் போய் வருவது பத்திரிகையில் வருவதில்லை. கரண்ட் இருக்கும் நாளிலும் வீட்டுப் பிரிட்ஜ் 5 பாகையில் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மீனும் தேங்காய்ப் பாதியும் நேற்றைய குழம்பும் நிறைந்து, பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும் பெட்டி அது. கதவுத் தட்டில் வைத்த போத்தல் பத்துப் பாகையில் நின்றாலும் தெரியாது. கரண்ட் நின்றது நடுச்சாமத்திலா விடியப்புறமா என்று தூங்கிய வீட்டுக்குத் தெரியாது. காலையில் பெட்டி மீண்டும் குளிராகவே இருக்கும், போத்தலும் குளிராகவே இருக்கும்.

ஆகையால் நம் தீவுகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாலை முன்கூட்டிக் கரைக்காதீர்கள், மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டி ஆயத்தம் செய்யுங்கள். இரவுக்கு வேண்டிய போத்தல்களையும் சூப்பிகளையும் கழுவி, தண்ணீரில் முழுதாக மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியே வைக்கலாம். ஒவ்வொரு நேரத்துக்கும் வேண்டிய மாவை அளந்து, கொதியில் போட்டெடுத்து நன்றாக உலர்ந்த சிறு டப்பாக்களில் போட்டு மூடலாம். ஈரம் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. கடலோரக் காற்றில் மாவு விரைவாகக் கட்டிபடும், திறந்த ரின்னை ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்கவும் கூடாது. படுக்கப்போகும் நேரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணிப் பிளாஸ்க்கில் வாய்மட்டம்வரை நிரப்பி இறுக்கி மூடவேண்டும். பாதி நிரப்பினால் சூடு நிற்காது. நல்ல பிளாஸ்க் பல மணித்தியாலம் 70 பாகைக்கு மேல் வைத்திருக்கும். பழைய பிளாஸ்க்கை நம்பமுடியாது, வெப்பமானி கிடைத்தால் ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள். நடுச்சாமத்தில் பிள்ளை அழும்போது அடுப்பு மூட்டவேண்டாம். ஊற்றி, மாவைப் போட்டு, குலுக்கி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினால் போதும். விறகிலும் பனைமட்டையிலும் சமைக்கும் வீட்டுக்கு இது விறகையும் மிச்சப்படுத்தும்.

பயணத்துக்கும் இதே வழிதான். மண்கும்பானிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் பண்ணைப் பாலம் தாண்டிப் போகும் தாயும், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் படகில் போகும் தாயும், ஆனி ஆடியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்குபவர்களும் பையில் கரைத்த போத்தலைக் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்க்கையும் மாவு டப்பாவையும் கொண்டுபோங்கள். படகு ஓடும்போது கொதிநீரை ஊற்றவேண்டாம். ஏறுமுன் கொடுங்கள் அல்லது இறங்கிய பிறகு கொடுங்கள். போத்தலைக் கொதிக்கவைக்க வழியில்லாத இடத்தில் கிண்ணமும் கரண்டியும் மேல். மூலையும் இடுக்கும் இல்லாததால் கழுவுவது எளிது. உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் விரும்புகிறது.

இவ்வளவும் ஏன் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வரவேண்டியிருக்கிறது? கிளினிக்கில் அல்லவா சொல்லவேண்டும்? இங்கேதான் நான் வருந்தும் இடத்துக்கு வருகிறேன்.

தாய்ப்பால் விடயத்தில் இலங்கை பெருமைப்படலாம். 2016இல் நடந்த நாடளாவிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். பல செல்வ நாடுகள் இதன் அருகில்கூட இல்லை. அது தானாக வந்ததல்ல. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு அது. அதற்குப் பின்னால் நீண்ட உலகப் போராட்டமும் இருக்கிறது. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், சிசுக்களுக்குப் பொருந்தாத பாலைத் தாய்மாருக்கு விற்பதைக் கொலை என்றே மேடையில் சொன்னார். 1974இல் பிரித்தானியாவில் மைக் முல்லர் எழுதிய சிறுநூல் பால்மா நிறுவனங்கள் வறிய நாடுகளில் செய்த விற்பனை முறைகளை அம்பலப்படுத்தியது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களின் விற்பனை பற்றிய சர்வதேசக் கோவை நிறைவேறியது. 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. இலங்கை அதைத் தன் சட்ட ஒழுங்குக்குள் முன்கூட்டியே கொண்டுவந்த நாடுகளில் ஒன்று. இந்த வரலாற்றில் ஒரு வரியையும் நான் தளர்த்தச் சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கோவையின் 6.5ஆம் பிரிவை யாராவது நினைவூட்டவேண்டும். பால்மா கரைக்கும் முறையைச் சுகாதாரப் பணியாளர்களே செய்துகாட்டவேண்டும், தேவைப்பட்டால் சமூகப் பணியாளர்களும் காட்டலாம். தேவையுள்ள தாய்மாருக்கும் குடும்பத்தாருக்கும் மட்டும் காட்டவேண்டும். தவறாகக் கரைத்தால் என்ன கேடு என்பதையும் தெளிவாக விளக்கவேண்டும். அது சொல்வது இவ்வளவும். அதாவது, கற்றுக்கொடுப்பது தடை செய்யப்படவில்லை. அந்தப் பொறுப்பு பால்மா நிறுவனத்தின் கையிலிருந்து பறிக்கப்பட்டுச் சுகாதாரப் பணியாளரின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் வாய் திறக்காவிட்டால் அந்த வேலையைக் கடைக்காரரும் ரின் லேபிளும் பக்கத்து வீட்டு அக்காவும் செய்வார்கள்.

தேவையுள்ள தாய்மார் யார்? பிரசவத்தில் இறந்துபோனவரின் பிள்ளையை வளர்க்கும் அம்மம்மா. புற்றுநோய்க்கு மருந்தேற்றும் தாய். இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் போதாமல் மருத்துவர் சொல்லிப் பால்மா தொடங்கியவர். மகப்பேற்று விடுமுறையாகிய 84 நாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண். இந்தக் கடைசியானவருக்குத் தாய்ப்பாலைக் கறந்து வைக்கும் வழியை முதலில் காட்டவேண்டும்; கறந்த தாய்ப்பாலில் கிருமியை எதிர்க்கும் பொருட்கள் இருப்பதால் கரைத்த பால்மாவைவிட அது அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கும் வழியில்லை என்றால் அவரைக் குற்றவாளியைப் போல நிறுத்தாமல் கரைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். போத்தலைக் கண்டால் குடும்பநல மிஸ் ஏசுவா என்று பயந்து, அவர் வரும் நாளில் போத்தலை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் வீடு, கரைப்பது பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்காது.

பால்மா இந்த மண்ணில் வெறும் வசதிக்காக வாங்கும் பொருளாக இருந்ததுமில்லை. இறுதிப் போரின்போது, 2009 ஏப்ரல் 8ஆந் திகதி, அம்பலவன்பொக்கணையில் பால்மா வாங்க வரிசையில் நின்ற பெண்களும் பிள்ளைகளும் எறிகணை வீச்சில் இறந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் பதிந்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மாவுக்கான அட்டைகள் இருந்தன. அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியாமல் இருந்ததா? பட்டினியில் வற்றிய உடம்போடு நின்றவர்கள் அவர்கள். அதன் பிறகு 2021, 2022இல் பால்மா விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது இன்னொரு ஆபத்து வந்தது: மூன்று கரண்டி போடவேண்டிய தண்ணீருக்கு இரண்டு கரண்டி போடுவது. போத்தல் வெள்ளையாகத்தான் இருக்கும், பிள்ளையின் வயிறும் நிறையும், நிறை மட்டும் ஏறாது. சிசுக்களுக்குரியதல்லாத, வீட்டில் தேநீருக்கு வாங்கும் முழு ஆடைப் பால்மாவைக் கொடுப்பதும் அப்போது நடந்தது. ஒரு வயதுக்கு முந்திய பிள்ளையின் சிறுநீரகம் அதைத் தாங்கும்படி வளர்ந்திருப்பதில்லை.

வெள்ளம், புயல் வந்ததும் பால்மா ரின் சேர்த்து அனுப்பும் நல்ல மனங்களுக்கும் ஒரு வார்த்தை. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கத்துக்குப் பின் செய்த ஆய்வில், நன்கொடைப் பால்மா கிடைத்த வீடுகளின் சிறு பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு வயிற்றோட்டம் இருந்தது. கிடைக்காத வீடுகளில் அது அதில் பாதிக்கும் குறைவு. நல்ல தண்ணீரும் அடுப்பும் இல்லாத முகாமில் ரின்னை மட்டும் கொடுப்பது நோயைக் கொடுப்பது. அனுப்புவதாக இருந்தால் பிளாஸ்க்கும் கேற்றிலும் அனுப்புங்கள், யாருக்குப் பால்மா வேண்டும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டு அனுப்புங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொதிக்கவைத்தால் தீராத ஒரு கேடு அதில் இருக்கிறது. மண்கும்பானில் குடிக்கக்கூடிய கிணறுகள் இருப்பதற்குக் காரணம் அதன் மணல். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர் வில்லையாக நிற்கிறது. மணலை அள்ளினால், அல்லது மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால், உப்பு மேலே ஏறும். உவர்நீரில் கரைத்த பால்மா சிசுவின் சிறுநீரகத்துக்குச் சுமை. இன்னொன்று நைத்திரேற்று. தோட்டத்துக்குப் போடும் யூரியாவிலிருந்தும் கிணற்றுக்குக் கிட்ட இருக்கும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் உடலில் அது இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைத் தடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கோம்லி என்ற மருத்துவர் கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால் குடித்த சிசுக்களிடம் இதைக் கண்டு எழுதினார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அவள் பாலில் அது மிகக் குறைவாகவே வருகிறது. போத்தலில் குடிக்கும் பிள்ளைக்கு அந்தக் காவல் இல்லை.

கிணற்றைப் பார்த்தோ தண்ணீரைச் சுவைத்தோ இதை அறிய முடியாது, சோதித்துத்தான் அறியவேண்டும். ஆகவே வேலணைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமும் பிரதேச சபையிடமும் ஒன்றைக் கேட்கிறேன். ஒரு பெண் கர்ப்பவதியாகக் கிளினிக்கில் பதியும்போதே அவள் வீட்டுக் கிணற்றின் மாதிரியும் எடுக்கப்படட்டும். நைத்திரேற்றும் உப்பும் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் பிரசவத்துக்கு முந்தியே அவள் பதிவேட்டில் எழுதப்படட்டும். எல்லை மீறிய கிணறு உள்ள வீட்டில் பால்மா தவிர்க்கமுடியாமல் போனால், முதல் ஆறு மாதமும் நல்ல தண்ணீரைப் பௌசரில் அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் இறக்கும் பொறுப்பைப் பிரதேச சபை ஏற்கட்டும்.